வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பாடம் எடுக்கிறவரிடம் வேறு எதைப் பற்றிக் கேட்கிறார்களோ இல்லையோ, வயிற்றைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள், பெற்றோர் வகுப்புக்கு வெளியே குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே வைத்திருக்கிறேன். எண் போட்டிருப்பதற்குக் காரணம், ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் முந்தைய பதிலைக் காட்டிவிட்டுப் போகலாம் என்பதுதான்.

1. வயிறுன்னாலும் இரைப்பைன்னாலும் ஒண்ணுதானே?

இல்லை. மற்ற குழப்பங்களில் பாதி இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. நெஞ்சுக்குக் கீழே இடுப்பு வரைக்கும் இருக்கிற மொத்தப் பகுதியையும் நாம் வயிறு என்கிறோம். உணவு போய் விழுகிற பையையும் வயிறு என்றே சொல்கிறோம். அந்தப் பைக்குப் பெயர் இரைப்பை. தொப்புளைத் தொட்டு “இங்கதான் என் இரைப்பை” என்று காட்டுவார்கள். உண்மையில் அது அதைவிட மேலே, இடப்பக்க விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. தொப்புளைச் சுற்றிச் சுருண்டு கிடப்பது சிறுகுடல். அதற்குச் சட்டம் அடித்த மாதிரி ஓரமாகச் சுற்றிப் போவது பெருங்குடல்.

வாயில் தொடங்கி ஆசனவாயில் முடிகிற ஒரே நீளக் குழாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரைப்பை அந்தக் குழாயில் உப்பலான ஓர் இடம், அவ்வளவுதான். கல்லீரல், பித்தப்பை, கணையம் மூன்றும் குழாய்க்கு வெளியே இருந்துகொண்டு தங்கள் சாறுகளை உள்ளே ஊற்றுகின்றன. உணவு அவற்றுக்குள் நுழைவதே இல்லை.

2. சாப்பிட்டது வெளியே வர எத்தனை மணி நேரம் ஆகும்?

மணிக்கணக்கில் கேட்கிறீர்கள், பதில் நாள்கணக்கில் வரும். இரைப்பையில் இரண்டு முதல் ஐந்து மணி நேரம். கொழுப்பு மிகுந்த சாப்பாடு என்றால் இன்னும் கூடும். சிறுகுடலில் ஏறக்குறைய மூன்று முதல் ஆறு மணி நேரம். மிச்ச நேரம் முழுவதும் பெருங்குடலில்தான், பலருக்கு 30, 40 மணி நேரம்கூட. மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வேகவைத்த மக்காச்சோளத்தை ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் தோலில் இருக்கிற செல்லுலோஸை நம் உடலால் உடைக்க முடியாது. உள்ளே போன மஞ்சள் மறுபடி எப்போது கண்ணில் படுகிறதோ அதுதான் உங்கள் கணக்கு.

3. எப்படியும் உள்ளே அரைபடத்தானே போகுது, எதுக்கு மென்னு சாப்பிடணும்?

இரைப்பைக்குப் பல் கிடையாது. அது பிசையும், கடையும். ஆனால் பெரிய துண்டைப் பல் அரைக்கிற மாதிரி அதனால் அரைக்க முடியாது. இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிதாக ஆகும்வரை திடப்பொருளைத் தன் வாசலைத் தாண்ட விடுவதில்லை. வாயில் செய்யாத வேலையை அங்கே கூடுதல் நேரம் கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, செரிமானம் வாயிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் அமைலேஸ் என்ற நொதி, அதாவது என்சைம், மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. சோற்றையோ ரொட்டியையோ விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்குமே, அது இந்த வேலைதான்.

4. தலைகீழா நின்னுக்கிட்டு தண்ணி குடிச்சா உள்ளே போகுமா?

போகும். (செய்து பார்க்க வேண்டாம். புரை ஏறினால் கஷ்டம்.) உணவுக்குழாய் வெறும் பைப் இல்லை, தசைக் குழாய். சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். விழுங்கியதற்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, பற்பசைக் குழாயைப் பிதுக்குகிற மாதிரி தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு கவளம் இரைப்பைக்குப் போய்ச் சேர எட்டு, பத்து விநாடி ஆகும். எடையே இல்லாத விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் சாப்பிடுவதும் இந்தத் தசையின் தயவில்தான். அவர்களுக்குச் சிக்கல் விழுங்குவதில் இல்லை, ஏப்பத்தில். மேல் கீழ் இல்லாத இடத்தில் காற்றும் நீரும் பிரியாது. அதனால் ஏப்பத்தோடு இரைப்பையில் இருப்பதும் சேர்ந்து வரும்.

5. உள்ளே ஆசிட் இருக்குங்கறது நிஜமா? அப்போ அது ஏன் இரைப்பையையே கரைக்கல?

நிஜம்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெறும் இரைப்பையில் அமிலத்தன்மையின் அளவு ஒன்றரை, இரண்டு பிஎச் வரை இறங்கும் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும்). இரத்தத்தோடு ஒப்பிட்டால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பல லட்சம் மடங்கு. அமிலத்துக்கு இரண்டு வேலை. உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்வது ஒன்று. புரதத்தின் மடிப்புகளைப் பிரித்து, பெப்சின் என்ற நொதி அதை வெட்டுவதற்கு வழி செய்வது மற்றொன்று.

கரையாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. உட்சுவர் மேல் கெட்டியான சளிப்படலம் இருக்கிறது. அதற்குள் பைகார்பனேட் என்ற காரப்பொருள் ஊறிக்கிடக்கிறது. சுவரை நெருங்கும்போதே அமிலம் செயலிழந்துவிடும். பெப்சினும் செயல்படாத வடிவில்தான் சுரக்கிறது, வெளியே வந்து அமிலம் பட்ட பிறகே கூர்மை பெறுகிறது. கத்தியை உறையோடு அனுப்பி, களத்தில் உருவச் சொல்கிற மாதிரி. இவ்வளவையும் மீறிச் சேதம் ஆனால், மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக முளைத்துவிடுகின்றன. இந்தக் காவல் உணவுக்குழாய்க்கு இல்லை. அமிலம் மேலே எதுக்களித்தால் அங்கே எரிகிறது, அதுதான் நெஞ்செரிச்சல். சாப்பிட்டவுடன் படுக்காமல் இருப்பதும், படுத்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவுவது அமிலம் மேலேறாமல் இருக்கத்தான்.

6. இதையெல்லாம் உள்ளே போய் யாரு பார்த்தாங்க?

எனக்குப் பிடித்த கேள்வி. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் வருவதற்கு வெகு காலம் முன்பே ஒருவர் பார்த்தார், ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. 1822 ஜூன் 6, அமெரிக்காவின் மேக்கினா தீவு. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர், விலங்குத் தோல் வணிகத்தில் கூலி வேலை செய்தவர். பக்கத்தில் யாருடைய துப்பாக்கியோ தவறுதலாக வெடித்து அவருடைய விலாவும் இரைப்பையும் கிழிந்தன. இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் சிகிச்சை செய்தார். பிழைக்க மாட்டார் என்று நினைத்தவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் காயம் மூடவில்லை. இரைப்பையின் ஓரம் தோலோடு ஒட்டி, நிரந்தரமாக ஒரு துளை நின்றுவிட்டது.

1825 முதல் பியூமான்ட் அந்தத் துளை வழியே பட்டு நூலில் கட்டிய இறைச்சித் துண்டுகளை இறக்கி, மணிக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்துக் குறித்தார். சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் ஊற்றி, உடல் சூட்டில் வைத்து, அதிலும் இறைச்சி கரைவதைக் கண்டார். செரிமானம் வெறும் அரைப்பு அல்ல, வேதிவினை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அதுவரை இல்லை. அந்த மனிதருக்குக் கோபம் வந்தால் செரிமானம் கெடுகிறது என்பதையும் கவனித்தார் (கேள்வி 20-க்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்). 1833-இல் எல்லாவற்றையும் வெளியிட்டார்.

செயின்ட் மார்ட்டினின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வறுமையில் இருந்தவர், ஒப்பந்தம் போட்டு வேலையாளாகவும் சோதனைப்பொருளாகவும் வைக்கப்பட்டவர். இடையில் விட்டுவிட்டு ஊருக்குப் போயும் விட்டார். இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது. துளையோடே வாழ்ந்து, தன்னைச் சோதித்த மருத்துவருக்குப் பிறகும் 27 ஆண்டுகள் இருந்து, 1880-இல் இறந்தார்.

7. சாப்பிடும்போது தண்ணி குடிச்சா ஆசிட் நீர்த்துப் போயிடுமாமே?

கொஞ்ச நேரத்துக்கு லேசாக நீர்க்கும். இரைப்பை அதை உணர்ந்து இன்னும் சுரக்கும். தண்ணீரும் அங்கே நெடுநேரம் தங்காது, திட உணவை முந்திக்கொண்டு இறங்கிவிடும். பழத்திலும் காய்கறியிலும் குழம்பிலும் இருப்பதும் தண்ணீர்தானே? அவற்றுக்கு யாரும் தடை சொல்வதில்லை. நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் வயிறு முட்டக் குடிக்காமல் இருந்தால் நல்லது. மற்றவர்கள் தாகத்தைக் கேட்டு நடக்கலாம்.

8. அப்போ எல்லா வேலையும் இரைப்பையிலயே முடிஞ்சுடுதா?

பெயர் வாங்குவது இரைப்பை, உழைப்பது சிறுகுடல். கேள்வி 1-இல் சொன்ன சொற்குழப்பத்தால் சிறுகுடலுக்குச் சேர வேண்டிய புகழும் இரைப்பைக்கே போய்விடுகிறது. இரைப்பை செய்வது ஊறவைத்துக் கூழாக்குவது, புரதத்தை ஓரளவு வெட்டுவது, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்புவது. உடைப்பதில் பெரும்பங்கும், உடைத்ததை உடலுக்குள் எடுத்துக்கொள்வதும் சிறுகுடலில்தான்.

அதன் முதல் 25 சென்டிமீட்டருக்கு முன்சிறுகுடல் என்று பெயர். புளித்த கூழ் அங்கே வந்து விழுந்ததும் கணையம் காரச்சாற்றை ஊற்றி அமிலத்தை முறிக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். மாவுச்சத்துக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்கு டிரிப்சின் என்று நொதிகளும் அதிலேயே வருகின்றன. டிரிப்சினும் உறையிட்ட கத்திதான், குடலுக்குள் வந்த பிறகே திறக்கும். ஏதோ காரணத்தால் கணையத்துக்குள்ளேயே திறந்துகொண்டால் கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சியின் வலி அவ்வளவு கொடுமையாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

கூழ் வந்துவிட்டது என்று கணையத்துக்கு யார் சொல்வது? நரம்பு என்றுதான் நினைத்தார்கள். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், ஒரு நாயின் குடல் பகுதிக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு அங்கே அமிலத்தை ஊற்றினார்கள். கணையம் அப்போதும் சுரந்தது. குடல்சுவரிலிருந்து ஒரு வேதிப்பொருள் இரத்தம் வழியே சேதி கொண்டுபோகிறது என்று புரிந்தது. அதற்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல் 1905-இல் ஸ்டார்லிங் வாயிலிருந்து வந்தது. நாம் இன்று எதற்கெடுத்தாலும் பழிபோடும் ஹார்மோன், முதன்முதலில் பிடிபட்ட இடம் குடல்.

9. சிறுகுடலை விரிச்சுப் போட்டா ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வருமாமே?

பாடநூல்களில் நெடுநாள் இருந்த கணக்கு அது. நானும் பல வருடம் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். 2014-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரும்ப அளந்து, மொத்தச் செரிமானப் பாதையின் உட்பரப்பே 30 முதல் 40 சதுர மீட்டர்தான், அரை பேட்மின்டன் மைதானம் என்று சொன்னார்கள். டென்னிஸ் போனாலும், ஒரு வயிற்றுக்குள் மடித்து வைக்க இதுவே அதிகம்தான்.

எப்படி அடங்குகிறது என்றால், மடிப்புக்குள் மடிப்பு. சுவரே மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்பின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குட்டையான விரல் போன்ற குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் ஒவ்வொரு செல்லின் முகத்திலும் நுண்ணோக்கியில் மட்டுமே தெரிகிற இன்னும் சிறிய இழைகள். துவாலை வெறும் துணியைவிட அதிகத் தண்ணீரை உறிஞ்சுகிற அதே தந்திரம்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு மீட்டர் என்று படித்திருப்பீர்கள். அது இறந்த உடலில், தசை தளர்ந்த பிறகு அளந்தது. உயிரோடு இருக்கும்போது சுருங்கிய நிலையில் அதைவிடக் கணிசமாகக் குறைவு.

10. பித்தம் தலைக்கு ஏறிடுச்சுன்னு சொல்றோமே, அந்தப் பித்தம்தான் கல்லீரல்ல சுரக்குதா?

சொல் ஒன்று, பொருள் வேறு. தலைக்கு ஏறுகிற பித்தம் பழைய மருத்துவ முறைகளின் கருத்து. கல்லீரல் சுரப்பது பித்தநீர், ஒரு திரவம். நாளுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. அது தலைக்கு ஏறுவதற்குக் குழாய் இல்லை. பித்தப்பையில் 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை கெட்டியாகிக் காத்திருந்து, கொழுப்பு வந்ததும் முன்சிறுகுடலில் இறங்குகிறது.

அதில் செரிக்கும் நொதி எதுவும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலையைச் செய்கிறது. கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக உடைத்தால்தான் லைபேஸால் அதைத் தொட முடியும். வேலை முடிந்ததும் பித்த உப்புகளில் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே போகிறது. வீணாக்குவதே இல்லை.

மலத்தின் பழுப்பு நிறமும் இதிலிருந்துதான். சுமார் 120 நாள் வாழ்ந்து முடிந்த சிவப்பணுக்களின் நிறமி பிலிருபினாகிப் பித்தநீரில் வருகிறது, குடல் பாக்டீரியா அதைப் பழுப்பாக்குகிறது. அதனால் மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால், பித்தநீர் இறங்கவில்லை என்று பொருள், மருத்துவரைப் பார்க்க வேண்டும். தார் போல் கறுத்துப் பிசுபிசுத்தால் மேலே எங்கோ இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் கறுப்பாக்கும், அதையும் சொல்லிவிடுங்கள். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பைக் கண்டு பதறி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

11. பழத்தையும் புரதத்தையும் சேர்த்துச் சாப்பிட்டா உள்ளே ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்குமா?

அடித்துக்கொள்ளாது. கேள்வி 8-ஐப் பாருங்கள், கணையச்சாற்றில் எல்லா நொதிகளும் ஒன்றாகவே வருகின்றன. பருப்பு, தானியம், தாய்ப்பால் எதுவானாலும் இயற்கையிலேயே புரதமும் மாவுச்சத்தோ சர்க்கரையோ கொழுப்போ கலந்த உணவுதான். தனித்தனியாகத்தான் செரிக்கும் என்றால் பிறந்த குழந்தையே பிழைக்காது.

12. கொழுப்பு சாப்பிட்டா நேரா ரத்தக்குழாய்ல போய் ஒட்டிக்குமா?

நேராகப் போவதில்லை. சுற்றுவழியில் போகிறது. சர்க்கரையும், புரதம் உடைந்து கிடைக்கும் அமினோ அமிலமும் குடலிலிருந்து இரத்தத்தில் ஏறி முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு மட்டும் குடல் செல்லுக்குள் மறுபடி கோக்கப்பட்டு, புரத உறை போட்ட உருண்டைகளாக நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்து, மார்பு வழியே மேலேறி, இடப்பக்கக் கழுத்தடியில் உள்ள சிரையில் கலக்கிறது. நல்ல கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த இரத்தத்தைத் தெளியவைத்தால் மேல்நீர் பால் போல் கலங்கி இருக்கும். சில வகை இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வது இதனால்தான். குழாய்ச் சுவரில் படிவு சேர்வது பல ஆண்டு நடக்கிற வேறு கதை, நேற்றுச் சாப்பிட்ட ஒரு வேளையின் வேலை அல்ல.

13. பால் குடிச்சா வயிறு பொருமுது. எனக்குப் பால் அலர்ஜியா?

பெரும்பாலும் அலர்ஜி இல்லை. அலர்ஜி என்பது நோயெதிர்ப்பு மண்டலத்தின் சண்டை. பொருமல், கேஸ், பேதி மட்டும் என்றால் லாக்டேஸ் பற்றாக்குறையாக இருக்கலாம். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை வெட்டுகிற நொதி அது. குழந்தைப் பருவத்தில் எல்லோருக்கும் நிறைய இருக்கும், வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். உலகின் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படித்தான். வெட்டப்படாத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது, பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்குகிறது. தயிர் ஒத்துக்கொள்வதும் பால் ஒத்துக்கொள்ளாததும் இதனால்தான். தயிரில் பாக்டீரியா அந்த வேலையில் ஒரு பகுதியை முன்பே முடித்திருக்கும்.

14. பெருங்குடல் வெறும் குப்பைத்தொட்டிதானே?

குப்பைத்தொட்டி என்றால் யாரும் அதில் தண்ணீர் சேமிக்க மாட்டார்கள். கணக்கைப் பாருங்கள். நாம் குடிப்பதும் உண்பதுமாகச் சுமார் இரண்டு லிட்டர் நீர். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையச்சாறு, குடற்சாறு எல்லாம் சேர்த்து இன்னொரு ஏழு லிட்டர். ஆக ஒன்பது லிட்டர் தினமும் குழாய்க்குள் இறங்குகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் எடுத்துக்கொள்கிறது. பெருங்குடலுக்கு வந்து சேர்வது ஒன்றரை லிட்டர். வெளியே போவது 100, 200 மில்லிலிட்டர்தான்.

அங்கே குடியிருக்கிற பாக்டீரியா இன்னொரு பக்கம். நம் செல்களைவிடப் பத்து மடங்கு என்று ஒரு வாசகம் எங்கும் சுற்றுகிறது. 2016-இல் வெளியான மறுகணக்கு 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனித செல் என்கிறது. கிட்டத்தட்ட ஆளுக்கு ஆள். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை புளிக்கவைக்கின்றன. அதில் உண்டாகும் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு முதன்மை எரிபொருள். நார்ச்சத்து “சும்மா வெளியே போகிற சக்கை” இல்லை.

15. நெஞ்சுல கேஸ் அடைச்சிருக்கு, கேஸ் எப்படி நெஞ்சுக்கு ஏறுது?

ஏறுவதில்லை. காற்று இருக்கிற இடம் குழாய்க்குள், குழாயை விட்டு இதயத்தைச் சுற்றி அது திரிய முடியாது. விழுங்கிய காற்று இரைப்பையிலிருந்து ஏப்பமாகத் திரும்பும். பெருங்குடலில் உண்டாகும் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் கீழ்வழியாகப் போகும். நாளுக்குப் பத்து, இருபது தடவை போவது இயல்பு. நாற்றம் தருவது அதில் ஒரு சதவீதம்கூட இல்லாத கந்தகச் சேர்மங்கள்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சிரித்துக்கொண்டு பதில் சொல்வதில்லை. நெஞ்செரிச்சலையும் மாரடைப்பையும் வலியை மட்டும் வைத்து மருத்துவரே பிரிக்கத் திணறுவார். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சிரைப்பு என்று ஏதாவது இருந்தால் சோடா குடித்து ஏப்பத்துக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுங்கள். கேஸ் என்று தெரிந்தால் வெட்கப்பட்டுத் திரும்பி வரலாம், நஷ்டம் இல்லை.

16. சாப்பிட்ட உடனே டாய்லெட் போகணும்போல இருக்கு. சாப்பிட்டது அப்படியே இறங்கிடுதா?

கேள்வி 2-இன்படி அது முடியாது. இரைப்பை விரிந்ததும் “மேலே புதுச் சரக்கு வருகிறது, கீழே இடம் விடு” என்று பெருங்குடலுக்குச் சேதி போகிறது. அது சுருங்கி, நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டதை நகர்த்துகிறது. காலையில் முதல் உணவுக்குப் பிறகு இது வலுவாக இருக்கும். கைக்குழந்தைகளிடம் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்.

17. தினமும் போகலேன்னா உடம்புல விஷம் சேருமா? குடலைக் கழுவணுமா?

நாளுக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாம் இயல்புக்குள் அடக்கம். முக்கி வேதனைப்படாமல் போகிறதா என்பதுதான் கேள்வி.

தேங்கிய மலம் இரத்தத்தில் நஞ்சை ஏற்றும் என்ற பயம் நூறு வருடம் முன்பு மருத்துவர்களிடமே இருந்தது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். பிறகு அந்தக் கருத்து நிற்கவில்லை. ஆனால் விற்பனைக்கு மட்டும் இன்னும் நிற்கிறது. குடல் சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னை உரித்துப் புதுப்பிக்கிறது, அங்கே வருடக்கணக்கில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. பரிசோதனைக்காக மருத்துவர் சொல்லிக் குடலைக் காலி செய்வது வேறு. திடீரென்று வழக்கம் மாறினாலோ, இரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ கழுவுவதை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

18. பசிச்சா ஏன் கொர்ர்னு சத்தம் வருது?

வீட்டைப் பெருக்குகிற சத்தம் அது. குழாய் காலியானதும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் முடிவு வரை பலமான சுருக்க அலை ஒன்று போகிறது. மிச்சம் மீதியையும் பாக்டீரியாவையும் தள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே இருப்பது காற்றும் கொஞ்சம் நீரும், அதனால் சத்தம் எடுபடுகிறது. சாப்பிட்டால் பெருக்கல் நின்றுவிடும்.

19. நேரத்துக்குச் சாப்பிடலேன்னா அல்சர் வந்துடும்னு அம்மா சொல்றாங்க. நிஜமா?

அம்மா சொல்வதைக் கேட்டு நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஆனால் காரணம் அது அல்ல. இரைப்பைப் புண்ணுக்கு முதல் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. இரண்டாவது, வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது, அவை கேள்வி 5-இல் சொன்ன சளிக்காவலைக் குறைத்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன், பேரி மார்ஷல். அமிலக் குளத்தில் பாக்டீரியா வாழாது என்று மற்றவர்கள் நம்ப மறுத்தார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன, உள்ளே பார்த்தபோது இரைப்பை அழற்சி. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருக்கிற எல்லோருக்கும் புண் வருவதில்லை. வந்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துத் தீர்க்க முடிகிறது. சாப்பிடாமல் இருப்பதும் காரமும் ஏற்கெனவே இருக்கிற புண்ணை எரியவைக்கலாம், அதனால்தான் பழி அவற்றின் மேல் விழுந்தது.

20. பரீட்சைன்னா வயித்தைக் கலக்குதே, மனசுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?

குடல் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோல் பின்னிக்கிடக்கின்றன. மூளையோடு தொடர்பு அறுந்தாலும் குடல் தானாகச் சுருங்கி விரியும். மூளைக்கும் குடலுக்கும் இடையே வேகஸ் நரம்பு ஓடுகிறது. அதன் இழைகளில் பெரும்பாலானவை குடலிலிருந்து மூளைக்குச் சேதி சொல்கிறவை, உத்தரவு வாங்குகிறவை குறைவு. பயம் வந்தால் இரைப்பை மெதுவாகிறது, பெருங்குடல் வேகமாகிறது. மேலே சாப்பாடு இறங்க மறுக்கும், கீழே நிற்க மறுக்கும்.

மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதம் குடலில் இருக்கிறது, ஆகவே குடல்தான் மகிழ்ச்சியின் இருப்பிடம் என்று எழுதுகிறார்கள். முதல் பாதி சரி. ஆனால் குடலின் செரட்டோனின் மூளைக்குள் கடந்து போவதில்லை. அதன் வேலை பெரும்பாலும் குடலின் அசைவைப் பார்த்துக்கொள்வது.

21. பேதியில குடிக்கிறதெல்லாம் வெளியே போயிடுது, பிறகு எதுக்கு உப்பு சர்க்கரைத் தண்ணி?

வெறும் தண்ணீர்தான் நிற்காது. சிறுகுடல் செல்லின் முகத்தில் ஒரு கதவு இருக்கிறது, குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா மாதிரியான நோயில் குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கதவு வேலை செய்கிறது. அதனால்தான் ஓஆர்எஸ் என்ற உப்பு சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கிறது.

அளவு முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டுக் கலவையில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். “பிள்ளைக்குத் தெம்பு வரட்டும்” என்று சர்க்கரையை அள்ளிப் போட்டால் கேள்வி 13-இல் பார்த்ததுதான் நடக்கும், மிஞ்சிய சர்க்கரை தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைப்பதே பத்திரம்.

22. சூயிங்கம் விழுங்கிட்டேன். ஏழு வருஷம் உள்ளேயே இருக்குமா?

இருக்காது. மக்காச்சோளத் தோல் போலவே செரிக்காமல், அதே சில நாட்களில் வெளியே வந்துவிடும். பழ விதையும் முளைக்காது. பட்டன் பேட்டரியும் காந்தமும் விழுங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், அது அவசர சிகிச்சை.

23. இரைப்பையையே எடுத்துட்டா மனுஷன் உயிரோட இருக்க முடியுமா?

முடியும். 1897-இல் சூரிக்கில் கார்ல் ஷ்லாட்டர் என்ற மருத்துவர் புற்றுநோய்க்காக ஒரு பெண்ணின் முழு இரைப்பையையும் எடுத்து, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்தார். அவர் பிழைத்து, ஒரு வருடத்துக்கும் மேல் வாழ்ந்தார். இன்று பலர் அப்படிப் பல்லாண்டு வாழ்கிறார்கள். சிறிது சிறிதாகப் பல வேளை சாப்பிட வேண்டும். பி12 வைட்டமினை ஊசியாகவோ, அதிக அளவு மாத்திரையாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வைட்டமினைச் சிறுகுடலின் கடைசியில் உறிஞ்சத் துணைக்குப் போகும் புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது.

பித்தப்பை இல்லாமல் இருக்கலாம், பித்தநீர் நேராகக் குடலில் சொட்டும். பெருங்குடல் இல்லாமல் இருக்கலாம், நீரையும் உப்பையும் கவனித்துக்கொண்டால் போதும். கணையம் இல்லையென்றால் இன்சுலினும் நொதி மாத்திரையும் ஆயுளுக்கும் வேண்டும். சிறுகுடல் பெரும்பகுதி போய்விட்டால்தான் வழி அடைபடுகிறது. வாயால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடலுக்குள் சேராது. பலருக்குச் சத்துத் திரவத்தை நெஞ்சருகே உள்ள பெரிய சிரையில் நேராக ஏற்றுவார்கள், பெரும்பாலும் இரவு முழுக்க, தூங்கும்போது.